ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் பதுளைக்குப் போங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் விடுமுறையில் நாலு நாளைக்குப் பதுளை, பண்டாரவளைப் பக்கம் போக யோசிக்கிறோம். இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய மாமி, சொந்த வான். அந்த நேரம் நல்லா இருக்குமா? இல்லையென்றால் எந்த மாதம் நல்லது?" மாதத்தைக் கேட்பது போல இருந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எப்போது போனால் மலை பார்க்க அழகாக இருக்கும் என்பது ஒன்று. வயதான மனுசியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எப்போது பத்திரமாகப் போய்த் திரும்பலாம் என்பது மற்றது. முதலாவதுக்கு ஆளுக்கொரு விடை சொல்லலாம். இரண்டாவதுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால் நேரே சொல்லிவிடுகிறேன், மகள். டிசம்பர் வேண்டாம். ஓகஸ்ட் விடுமுறைக்குத் தள்ளிப் போடுங்கள். அது சரிவராவிட்டால் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் ஒரு நீண்ட வார இறுதியைப் பாருங்கள்.

நான் புவியியல் படிப்பித்தவன். முதல் நியமனம் பசறைப் பக்கம் கிடைத்தது. ஆறு வருடம் அங்கே ஒரு வாடகை அறையில் இருந்தேன். மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்த பிறகும், ஓய்வு பெறும் வரை, உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கள ஆய்வுக்கென்று அநேகமாக ஒவ்வொரு வருடமும் அதே மலைக்குக் கூட்டிப்போனேன். போன நாட்களின் வானிலையை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே கீழே சொல்வதில் பாதி பாடப்புத்தகம், பாதி அந்தக் கொப்பி. எது எதிலிருந்து வருகிறது என்பதையும் இடைக்கிடை சொல்கிறேன்.

நம்மூர் ஆட்கள் பலர் மலைநாடு முழுவதையும் ஒரே இடமாக நினைக்கிறார்கள். நுவரெலியாவில் மழை என்று வானொலியில் கேட்டால் பதுளைப் பயணத்தை நிறுத்துகிறார்கள். நுவரெலியாவில் வெயில் என்றால் பதுளைக்கு வெளிக்கிடுகிறார்கள். இரண்டும் மலைத்தொடரின் இரு பக்கத்து ஊர்கள். மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையால் ஏறி வரும்போது, சுமந்து வந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது அதனால்தான். உச்சியைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் நீர் இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது. இறங்க இறங்க அது சூடாகும். ஏறும்போது மழை கொட்டிக்கொண்டு ஏறுவதால் ஆயிரம் மீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிர்கிறது. காய்ந்த பிறகு இறங்கும்போதோ ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகையளவில் சூடேறுகிறது. அந்தக் காற்று பதுளையைக் கடந்து, பிபிலையைக் கடந்து, மகாஓயாக் காட்டைக் கடந்து நம்மிடம் வந்து சேரும்போது அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் கச்சான். உதட்டை வெடிக்க வைத்து, வாவிக் கரையில் புழுதியைக் கிளப்பி, இரவிலும் சுவரைச் சுட வைக்கிற அதே கச்சான்தான்.

இதை வகுப்பில் கரும்பலகையில் கீறிக் காட்டினால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். நம்ப வைத்தது புகையிரதம். பட்டிப்பொல நிலையத்துக்கும் ஒஹியவுக்கும் இடையில் ஒரு சுரங்கம் இருக்கிறது. இலங்கைப் புகையிரதப் பாதை ஏறுகிற மிக உயரமான இடம் அதன் அருகில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1898 மீற்றரில். மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்குவதும் அங்கேதான். ஒரு ஜூலை மாதம் நானுஓயாவிலிருந்து பிள்ளைகளோடு ஏறினேன். பட்டிப்பொலயில் ஜன்னலை மூடியும் தூவானம் உள்ளே வந்தது. சுரங்கத்துக்குள் இருட்டில் எல்லோரும் கத்திக்கொண்டு போனார்கள். மறுவாயால் வெளியே வந்தபோது வெயில். ஈரம் காயாத ஜன்னல் கண்ணாடியில் அந்த வெயில் பட்டதும், பின் ஆசனத்திலிருந்த ஒரு பிள்ளை, "சேர், இதுதான் காற்றொதுக்கா?" என்று கேட்டது. மழையைக் கொட்டிவிட்டுக் காற்று வரண்டு இறங்குகிற பக்கத்துக்குப் பாடத்திலுள்ள பெயர் அது. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் விளங்கப்படுத்தத் தேவை வரவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படி அமையாது, சுரங்கத்தின் இரு பக்கமும் மழையாயிருந்த நாளும் உண்டு. ஆனால் தென்மேல் பருவத்தில் அந்த வித்தியாசத்தைக் காணும் வாய்ப்பு அதிகம்.

பதுளை நம் பக்கத்து ஊர் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள். நமக்கு மாரி வருகிறபோதே அவர்களுக்கும் மாரி. நமக்கு வரட்சி என்றால் அவர்களுக்கும் வரட்சி, உயரத்தால் கொஞ்சம் குளிர்ச்சி கூட. வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தே பதுளைப் பயணத்தில் பாதியைத் தீர்மானிக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

குளிரைப் பற்றியும் ஒன்று. பதுளை நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில், சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1200 மீற்றருக்கு மேல். நுவரெலியா 1868 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் என்ற பாடப்புத்தகக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நமக்குச் சராசரி 28 பாகை என்றால் பதுளையில் 23 அல்லது 24, பண்டாரவளையில் 20, நுவரெலியாவில் 16. அளந்து பார்த்தவையும் இதற்குக் கிட்டத்தான் வருகின்றன. பதுளைக்கு ஐந்து சுவெட்டர் கட்டிக்கொண்டு போய், பகலில் வியர்த்துப்போய் "இதுவா மலைநாடு?" என்று ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் குளிர் காட்டவேண்டும் என்றால் பதுளையில் ஒரு நாளும் பண்டாரவளையில் இரண்டு இரவும் தங்குங்கள். மாமிக்கு மூட்டுவலி இருந்தால் மாறி யோசியுங்கள். பதுளையின் மிதமான குளிர் அவருக்குப் போதும், போதனா வைத்தியசாலையும் நகருக்குள்ளேயே இருக்கிறது.

இனி ஓகஸ்ட். அந்த மாதத்தில் பசறையில் விடிவதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பேன். இரவு முழுவதும் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், தகரக்கூரைகள் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். தகரம் பறக்காமலிருக்கக் கல்லும் மண்மூட்டையும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்பார்கள். விடியும்போது நமுனுகுலை மலை, 2036 மீற்றர், அடி முதல் நுனி வரை ஒரு முகில் துண்டு இல்லாமல் நிற்கும். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். காற்றோடு தொழிற்சாலைப் பக்கமிருந்து ஒரு மணம் வரும், வாடவிட்ட பச்சைக் கொழுந்தும் நெருப்பும் கலந்த மணம். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் காற்றுதான். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வரண்ட காற்று அடிப்பதால் செடியின் வளர்ச்சி சுணங்கி, வாசனைப் பொருட்கள் இலையில் செறிகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று மெதைல் சலிசிலேற்று. மூட்டுவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அதே பொருள். நல்ல ஊவாத் தேயிலையைப் பால் சேர்க்காமல் குடித்தால் தொண்டையில் ஒரு சில்லென்ற காரம் ஏறும். நம்மைப் புழுங்க வைக்கிற கச்சான் நாலு மணித்தியாலப் பயணத் தூரத்தில் இப்படியும் ஒரு வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பண்டாரவளைக்கு அப்பால் அப்புத்தளையில் தம்பேதென்ன தொழிற்சாலை இருக்கிறது. லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டம் அது. பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்கள்.

ஓகஸ்டில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி மெலிந்துவிடும். 64 மீற்றர் உயரத்திலிருந்து பதுளு ஓயா விழுகிற இடம் அது. 'துன்' என்ற சிங்களச் சொல் புகையைக் குறிக்கும், அந்தப் புகை போன்ற நீர்த்திவலையால் வந்த பெயர். மாரி முடிந்த கையோடு போனால் எதிரே நிற்கிற ஆளின் சட்டை நனையும். ஓகஸ்ட் கடைசியில் சில வருடம் பாறைதான் அதிகம் தெரிந்தது. வீதியிலிருந்து அருவிக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஏற்ற இறக்கமாக நடக்கவேண்டும், மாமிக்கு அது சரிவராது. ஒருவர் அவரோடு வானில் இருங்கள், அல்லது அவரை நகரத்தில் முதியங்கன விகாரை முற்றத்து நிழலில் இருத்திவிட்டுப் போங்கள். வரட்சி கூடிய வருடங்களில் எல்ல, பண்டாரவளைப் பக்கத்துப் புல்மலைகளில் தீ பரவுவதும் உண்டு. புகை தெரிந்தால் அந்தப் பக்கம் ஏறாமல் திரும்பிவிடுங்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் சவுக்கு, யூக்கலிப்டஸ் மரங்களின் கீழ் வானை நிறுத்தவேண்டாம்.

பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை எனக்குப் பிடித்த காலம் என்றே சொல்வேன். மாரி ஓய்ந்து, மலை முழுவதும் பச்சை, அருவிகளில் தண்ணீர், ஆகாயம் தெளிவு. இரவில் பண்டாரவளை பதினைந்து பாகைக்குக் கிட்ட இறங்கும். நுவரெலியா பத்துக்குக் கீழே போகும், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். நம் பக்கம் பெரும்போக வேளாண்மை வெட்டுகிற நேரம் அது, வயல் உள்ள குடும்பங்களுக்கு வெளிக்கிடக் கஷ்டம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருக்கும். மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தால் விடாதீர்கள்.

ஏப்ரல் சனம் மலையேறுகிற மாதம். காலையில் நல்ல வெயில் எறிக்கும், இரண்டு மூன்று மணிக்குப் பிறகு முகில் திரண்டு இடியும் மின்னலுமாய்க் கொட்டும். மேற்காவுகை மழை என்று படித்திருப்பீர்கள். போவதானால் வெளி வேலைகளை மதியத்துக்குள் முடித்துக்கொண்டு கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள். அந்த மேட்டு நிலத்து மின்னலை இலேசாக எடுக்கவேண்டாம். 1845இல் அப்புத்தளையில் மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி மின்னல் தாக்கித்தான் இறந்தார். பதுளை நகரத்திலுள்ள சென்ட் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது.

ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரைதான் நான் தடுக்கிற காலம். இடைப்பருவ மழை, புயல்கள், பிறகு வடகீழ்ப் பருவக்காற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இம்முறை மலைக்கு முகம் கொடுக்கிற பக்கம் கிழக்கு. நம் கடலிலிருந்து எழுந்து போகிற ஈரம் லுணுகலை, மடுல்சீமை, பசறைச் சரிவுகளில் மோதி மழையாகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இந்தப் பருவத்தில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் கரையால் ஏறி வந்தபோது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. ஆகவே எந்த மாதத்தில் போனாலும், புகையிரதத்தை நம்பித் திட்டம் போடுவதானால் பதுளை நிலையத்துக்கு முதலில் ஒரு அழைப்பு எடுங்கள்.

எனக்கும் ஒரு டிசம்பர் இருக்கிறது. பரீட்சைக்கு முன் முடிக்கவேண்டும் என்று இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு போய்த் திரும்பும்போது, லுணுகலைக்கு இந்தப் பக்கம் வீதியில் மண் சரிந்து கிடந்தது. பெரிய சரிவு இல்லை, ஒரு பஸ் நீளம் இருக்கும். ஆனால் மேலே நின்ற மரம் சாய்ந்திருந்தது, அதன் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளிவாக வந்தால் பயம் குறைவு, கலங்கி வந்தால் மேலே மண் கரைகிறது என்று படிப்பித்தவன் நான்தான். இருந்தும் பஸ்ஸைத் திருப்பச் சொல்லக் கால் மணித்தியாலம் யோசித்தேன். வீடுகளில் தாய் தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் இழுத்தது. பிறகு திருப்பினோம். ஒரு தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் இரவைக் கழித்தோம். லயத்துச் சனம் பெரிய அண்டாவில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து, ரொட்டி சுட்டுக் கொடுத்து, பெண்பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் படுக்க வைத்தார்கள். விடியப் பார்த்தால் அந்த மரமும் அதோடு கரையும் வீதியில் கிடந்தன. அதற்குப் பிறகு டிசம்பரில் ஒரு பிள்ளையையும் நான் கூட்டிப்போகவில்லை.

கட்டாயம் போகவேண்டி வந்தால் பார்க்கவேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பதே பொதுவான அளவு. மஞ்சளிலேயே பயணத்தை நிறுத்துங்கள். இந்த அளவுகள் அங்கே வாழ்கிற சனத்துக்கு வைத்தவை, சுற்றிப் பார்க்கப் போகிற நாம் அந்த எல்லை வரை காத்திருக்கத் தேவையில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கம் 117, தொலைபேசியில் போட்டு வையுங்கள்.

வழியைப் பற்றி. செங்கலடிச் சந்தியில் நாம் பதுளை வீதி என்று சொல்கிறோமே, கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று அது பதுளைக்கே போகிறது. அங்கேயும் நில்லாமல் வெலிமடை, நுவரெலியா தாண்டிப் பேராதனை வரை போகிற ஒரே நெடுஞ்சாலை. போர்க்காலத்தில் அது நமக்கு இல்லாதிருந்தது, அம்பாறை, மொனராகலை சுற்றியே போனோம். உங்களுக்கு இரண்டு வழியும் பொருந்தும். கல்முனை, அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை வழி கொஞ்சம் சுற்று, ஆனால் மலையேற்றம் பிந்தித் தொடங்கும். நான் செங்கலடி வழியைத்தான் சொல்வேன். விடிந்து ஆறு மணிக்குப் பிறகு புறப்படுங்கள், பொழுதுபடும் முன் புல்லுமலைக் காட்டைத் தாண்டிவிடுங்கள். யானை வீதிக்கு வருகிற இடம் அது. மகாஓயாவில் வெந்நீர் ஊற்றில் மாமி காலை நனைத்து ஆறட்டும். பிபிலையில் தோடம்பழத்துக்குப் பெயர், பருவமிருந்தால் வாங்குங்கள். பிபிலைக்குப் பிறகுதான் வளைவுகள். பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள், அதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்கவேண்டாம்.

நல்ல மாதத்தைத் தெரிந்துவிட்டோம் என்று வாகனத்தில் கவனக்குறைவாக இருந்துவிடவும் கூடாது. பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது 2021 மார்ச்சில். எல்ல–வெல்லவாய வீதியில் விழுந்தது 2025 செப்டெம்பரில். இரண்டிலும் பலர் உயிரிழந்தார்கள். இரண்டும் நான் நல்லவை என்று சொல்கிற மாதங்களை ஒட்டியவை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்கவேண்டாம். நம் தட்டை நிலத்தில் ஓடிப் பழகிய கைக்கு அது இலகுவில் வராது. மலைவீதி ஓடிய சாரதி ஒருவரைக் கூட்டிப்போக முடிந்தால் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

இவ்வளவிலும் உறுதியானது எது, உறுதியில்லாதது எது? காற்று எந்தப் பக்கத்தால் வரும், எந்தப் பக்கத்தை நனைக்கும் என்பது உறுதி, மலை இடம் மாறாத வரை அது மாறாது. ஓகஸ்டில் பதுளை வரண்டிருக்கும் என்பது முப்பது வருடச் சராசரியில் உறுதி. நீங்கள் போகிற அந்த நாலு நாளில் ஒரு பின்னேர மழை வராது என்று நானோ வேறு யாருமோ வாக்குக் கொடுக்க முடியாது. மாரி இப்போது பிந்தித் தொடங்கிக் குறுகிய நாட்களில் கூடுதலாகக் கொட்டுகிறது என்று என் கொப்பியைப் பார்க்கும்போது தோன்றுகிறது. ஆனால் வருடத்தில் ஒரு முறை போய்வந்த ஆளின் குறிப்பை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. அதற்கு நீண்டகாலத் தொடர் அளவீடு வேண்டும்.

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகள் எங்காவது போகவேண்டும் என்று நிற்பார்கள்தான். அப்போது மழை விட்ட ஒரு நாள் பார்த்து அவர்களை இங்கினியாகலைக்குக் கூட்டிப்போய் சேனநாயக்க சமுத்திரத்தைக் காட்டுங்கள். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பெய்கிற மழை கல்லோயாவாய் வந்து அங்கேதான் தேங்குகிறது, சம்மாந்துறை வயலுக்கும் கல்முனை வயலுக்கும் பாய்வது அந்தத் தண்ணீர். அணைக்கட்டில் நின்று மேற்கே பாருங்கள். முகில் மூடியிருந்தால் அந்த மலையில் மழை பெய்துகொண்டிருக்கிறது. ஓகஸ்டில் பதுளைக்குப் போகும்போது, அந்த ஆறு தொடங்குகிற பக்கம் இதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். திரும்பி வரும்போது தொழிற்சாலைக் கடையில் அந்த வருடம் ஜூலை, ஓகஸ்டில் செய்த தேயிலை இருக்கிறதா என்று கேட்டு அரைக் கிலோ வாங்கி வாருங்கள்.